மாப்பிள்ளை மிதித்த பிரேக்

சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மாமனார் என்னை ‘டேய்’ என்று கூப்பிட்டார்.

நம்ப மாட்டீர்கள். நான் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிற மனுஷர் அவர்!

மணவாள நகரில் வாடகைக் கார் ஓட்டுகிறார். அங்கேதான் என் மனைவி தலைப்பிரசவத்துக்குப் போயிருந்தாள். குழந்தை குறுக்கே இருக்கிறது, வலி எடுத்ததும் மெட்ராஸுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நாளும் நெருங்கிவிட்டது. எங்களுக்கு இருந்தது அந்த ஒரு கார்தான்.

அந்த நேரம் பார்த்து, கும்மிடிப்பூண்டி சவாரி போய்வந்த கார் பிரேக் ஆயிலை முழுக்க ஒழுகவிட்டு வந்து நின்றது! மாமனார் ஓட்டையை அடைத்தார், புது ஆயில் ஊற்றினார். பெடலை மிதித்தால்... தரையைத் தொடுகிறது. பைப்பெல்லாம் காற்று.

காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்துப் பக்கம் திருகைத் திறந்து மூட வேண்டும். மூடுகிறவரை காலை எடுக்கக்கூடாது. எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும்.

மிதிக்க நான் உட்கார்ந்தேன்.

“மாப்ளே, கொஞ்சம் மிதிங்க.”

மிதித்தேன். திருகைத் திறந்தார். உடனே, “பாவம், கால் நோவப் போவுது... எடுத்துடுங்க மாப்ளே!”

எடுத்தேன். மாமனார் சொல்லைத் தட்டலாமா? திருகு இன்னும் திறந்தே கிடந்தது!

மனுஷருக்குத் தொழில் தெரியாதா? தெரியும். ஆனால் கை மூடுவதற்குள் வாய் மரியாதை கொடுத்துவிடுகிறது. திருகில் குழாய் மாட்டி விட்டிருந்த பாட்டிலில் குமிழி வந்துகொண்டே இருந்தது. கடையும் லீவு, டப்பாவில் ஆயில் அடிமட்டத்துக்குப் போய்விட்டது.

என் மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“இன்னா நைனா நீ! இப்டி மாப்ளே மாப்ளேன்னுகினு இருந்தா எம்புள்ள இங்கயேதான் பொறக்கும். அவர கிளீனர்னு நெனச்சிக்கோ!”

மாமனார் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். காருக்கு அடியில் போனார்.

“டேய்! மிதிடா! புடி... புடி... எடுத்தே, கால ஒடிச்சிடுவேன்!”

அப்பாடா! சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம். கால் நடுங்க நடுங்கப் பிடித்தேன். திருகு மூடிய பிறகுதான் “வுடு” என்றார். நாலு சக்கரமும் முடிந்தபோது பெடல் கல் மாதிரி நின்றது. வாசலில் மாமியார் மட்டும் தலையில் அடித்துக்கொண்டார்.

புதன்கிழமை வலி எடுத்தது. பூந்தமல்லி தாண்டியதும், முன்னால் போன லாரி சடக்கென்று நின்றது. மாமனார் மிதித்தார். கார் லாரியைத் தொடாமல் ஒரு முழம் தள்ளி நின்றது. அந்த நிமிஷம் நான் கும்பிடாத சாமி இல்லை.

பெண் குழந்தை. இருவரும் சௌக்கியம்.

இவளுக்கும் ஒருநாள் மாப்பிள்ளை வருவான். காப்பி கொடுக்கும் முன்பே அவனைப் பிரேக் மிதிக்க உட்காரவைத்துவிடுவேன்!