மேடையில் என்னை ம்யூட் செய்தார்கள்

போன வருடம் ஆடிப் பண்டிகை சமயம். சேலத்தில் ஒரு கோயில் மண்டபத்தில் எங்கள் பாட்டு வகுப்புக்காரர்களின் கச்சேரி. ராசிபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாட்டின் முதல் அடியையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்புள்ள, போயிச் சேர்றதுக்குள்ள தொண்ட கட்டிக்கும்" என்றார் பின் சீட்டில் பிள்ளைகளோடு இருந்த கணவர். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வெளிமாநிலம் போனால் மாதக்கணக்கில் வராத மனிதர். என் பாட்டை முழுசாகக் கேட்டதே இல்லை. இதற்காகவே வந்திருந்தார்.

நான் படித்தது முழுக்க ஆன்லைனில். பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாராவாரம் சேலத்துக்கு ஓட முடியுமா? செல்போனை மிக்ஸியில் சாய்த்து வைத்து, சமையலறையிலேயே கற்றுக்கொண்டேன். டீச்சர் மற்ற எல்லோரையும் ம்யூட் செய்துவிட்டு ஒவ்வொருவராகப் பாடச் சொல்வார். என்னைப் போன்ற கூச்சக்காரிக்கு வேறென்ன வேண்டும்! ஓமலூரிலிருந்து வரும் ஒரு கல்லூரிப் பெண் மட்டும் நேரில்தான் படிப்பாள். "செல்லுல பாடறதெல்லாம் பாட்டாங்க்கா?" என்று குரூப்பில் சீண்டுவாள். "பஸ்ஸுல தொங்கிட்டுப் போனாத்தான் சரஸ்வதி வருவாளாக்கும்?" என்று நானும் விடமாட்டேன்.

மண்டபத்துப் பின்னறையில் ஒத்திகை. டீச்சர் தாளம் போட, எல்லோரும் ஒன்றாக எடுக்க வேண்டும். எனக்குக் குரல் முந்திக்கொண்டு வந்துவிட்டது. மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடியும் நான்தான் முதலில்.

"யாருங்க்கா உங்களத் தொரத்தறது?" என்றாள் ஓமலூர்ப் பெண். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் உறைத்தது. நெட் வழியாக என் குரல் டீச்சருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போகும். 'பின்னாடி இழுக்கறீங்க, சீக்கிரம் எடுங்க' என்பார். நானும் அவர் கை விழுவதற்கு முன்பே எடுத்து எடுத்துப் பழகியிருந்தேன். செல்போனில் அது சரியாக இருந்தது. பக்கத்தில் ஆள் உட்கார்ந்தபோதோ நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

சரிசெய்ய நேரமில்லை. டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க சாமி. இன்னைக்கு மட்டும் வாய அசைங்க, போதும்."

தலையாட்டினேன். பேசாமல் அடுத்த பஸ் பிடித்துவிடலாமா என்று இருந்தது. ஆனால் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தால், முன்வரிசையில் என் கணவர் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுக்கத் தயாராக இருந்தார்.

முதல் பாட்டுக்கு வாயசைத்தேன். வியர்த்துக் கொட்டியது, கால் விரல்கள் சும்மா இருக்கவில்லை. கணவர் காதைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டார். அந்தக் கூட்டத்தில் என் குரலைத் தேடுகிறார் என்று புரிந்தது. அவமானமாக இருந்தது.

இரண்டாவது பாட்டு தொடங்கும் முன், பக்கத்தில் இருந்த ஓமலூர்ப் பெண் தன் தொடையில் தாளம் போடும் கையை எடுத்து என் முழங்காலில் வைத்தாள். "பாடுங்க்கா. என்ற கை விழுந்தப்பறம் வாயத் தொறங்க."

பயந்துகொண்டேதான் திறந்தேன். அடி விழுந்தது, குரல் வந்தது. நடுவில் இரண்டொரு இடத்தில் ஓடப் பார்த்தேன். அடி பலமாக விழுந்தது. டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை. கீழே கணவர் சின்னவளின் தோளைத் தட்டி என் பக்கம் கை காட்டினார்.

கீழே இறங்கியதும் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். "முட்டி செவந்திருக்குமுங்க்கா, ஊட்டுக்குப் போயி எண்ணெ வைங்க" என்று சிரித்தாள்.

இன்றும் மிக்ஸியில் சாய்த்த செல்போன்தான் என் பள்ளிக்கூடம். அதை விட்டால் எனக்கு வேறு வழியில்லை. ஆனாலும் மாதம் ஒரு தடவையாவது சேலம் பஸ் ஏறிவிடுகிறேன். என் குரல் சரியான நேரத்துக்குத்தான் போய்ச் சேர்கிறதா என்று சொல்ல, என் முழங்காலைத் தொடும் தூரத்தில் ஒருத்தி வேண்டியிருக்கிறது.