அறுபது கொடிகளுக்கு வைத்த பொட்டு

சூடான இஸ்திரிப் பெட்டி ஈரத் துணியின்மேல் படும்போது ஒரு மணம் எழும். தெருமுனையில் வண்டி போட்டுத் தேய்க்கிறவரைத் தாண்டிப் போகையில் அந்த மணம் வந்தால் எனக்கு வேட்டி, சட்டை ஞாபகம் வராது. ஜப்பான் கொடிதான் ஞாபகம் வரும். வெள்ளைத் துணி, நடுவில் ஒரு சிவப்பு வட்டம். முதன்முதலாக அதை என் மேசைமேல் விரித்தபோது, "குங்குமம் வெச்ச நெத்தி மாதிரி இருக்குதே" என்றேன். எதிர் மேசையில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த செக்கிங் அக்கா நிமிராமலே, "அது பொட்டு இல்லீங்க மாஸ்டரே, சூரியன்" என்றார். "சூரியனா இருந்தா மட்டும் கும்பிடாம விட்டுருவமா?" என்றேன். "நீங்க விடுவீங்களா? மைல்கல்லப் பார்த்தாலே செருப்பக் கழட்டற ஆளாச்சே" என்றார்.

எண்பதுகளின் நடுவில் ஓசூரில், பாகலூர் ரோட்டு ஓரத்தில் இருந்த ஒரு தையல் ஷெட்டில் நான் இஸ்திரி வேலை பார்த்தேன். அதனால்தான் மாஸ்டர். சொந்த ஊர் காவேரிப்பட்டினம், படிப்பு எட்டாவது. ஓசூரில் கம்பெனிகள் வர வர ஊரில் பாதிப் பேர் பஸ் ஏறினோம். பெரிய கம்பெனி கேட்டுகளில் நின்று நின்று பார்த்துவிட்டுக் கடைசியில் இந்த ஷெட்டுக்கு வந்து சேர்ந்தேன். முதலாளி பெங்களூர்க்காரர். எங்களிடம் பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகப் பேசுவார். யூனிஃபார்ம், மேசை விரிப்பு என்று தைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு ஒரு வருஷம் கொடி ஆர்டர் வந்தது. பெங்களூரில் ஏதோ கண்காட்சியாம்; பல நாட்டுக்காரர்கள் வருகிறார்களாம். அறுபது தேசம், தேசத்துக்கு ஒரு கொடி. இது சரியாகப் போனால் இனிமேல் கொடி ஆர்டரெல்லாம் நமக்குத்தான் என்று முதலாளி சொன்னார்.

செக்கிங் அக்கா பாகலூர்க்காரர், முஸ்லிம் குடும்பம். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். பத்தாவது முடித்தவர், இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்து அர்த்தம் பிடித்துவிடுவார். வீட்டுக்காரர் கல் குவாரியில் லாரிக்கு லோடு ஏற்றும்போது விழுந்து, இடுப்பு போய், கட்டிலோடு கிடந்தார். அக்காவுக்கு அந்தக் காலத்தில் ஒரே ஒரு ஆசைதான். வேலை பெர்மனென்ட் ஆக வேண்டும். அப்படி ஆனால்தான் இ.எஸ்.ஐ. கார்டு வரும், கார்டு வந்தால் வீட்டுக்காரரைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துக் காட்டலாம். "கொடி நல்லபடியா போகட்டும்மா, உன் பேரை எழுதிடறேன்" என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கை அக்கா மடியில் கட்டிக்கொண்டு திரிந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆர்டரோடு ஒரு பெரிய சார்ட்டும் வந்திருந்தது. கொடிப் படம் ஒரு பக்கம், அதன் அர்த்தம் இங்கிலீஷில் ஒரு பக்கம். அக்கா அதைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு கொடியாகப் படித்துப் பார்த்துத்தான் செக் செய்வார். எனக்கும் சொல்வார், நான் எந்தப் பக்கம் கயிறு வரும், எது மேல், எது கீழ் என்று தெரிந்து தேய்க்க வேண்டுமே. பங்களாதேஷ் கொடியைப் பார்த்து, "வட்டம் நடுவுல இல்லையே, தப்பாத் தெச்சிட்டாங்களா?" என்று கேட்டேன். "கயிறு பக்கம் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கணும். காத்துல பறக்கறப்ப நடுவுல இருக்கற மாதிரி தெரியும்" என்றார். நேபாளத்துக்கு நாலு மூலை இல்லை. இரண்டு முக்கோணம், அதில் சந்திரன், சூரியன். அவை இருக்கும் வரைக்கும் தேசம் இருக்கட்டும் என்று வேண்டுதலாம். போலந்துக்கு வெள்ளை மேலே, இந்தோனேசியாவுக்குச் சிவப்பு மேலே. தலைகீழாய் மடித்து வைத்தால் ஒரு தேசமே மாறிவிடும் என்று பயமுறுத்துவார். லிபியா வந்தபோது வெறும் பச்சைத் துணி. ஒரு கோடுகூட இல்லை. "உங்களுக்காகவே செஞ்ச கொடிங்க மாஸ்டரே, கண்ண மூடிட்டுத் தேய்க்கலாம்" என்றார்.

எத்தனையோ தேசத்துக்காரர்கள் ரத்தம் என்று சிவப்பு வைத்திருந்தார்கள், மண் என்று பச்சை, கடல் என்று நீலம். கேட்கக் கேட்க எனக்கு அவை துணியாகத் தெரியாமல் போனது. ஒவ்வொரு ஊர்க்காரனும் தனக்கு எது பெரிது என்று நினைக்கிறானோ அதை எடுத்துக் கம்பத்தின்மேல் வைத்திருக்கிறான். கோயில் கொடியேற்றத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று என் புத்திக்குத் தோன்றியது.

சவூதி கொடி வந்த அன்று அக்கா மேசையை ஈரத் துணியால் துடைத்துவிட்டுத்தான் அதை விரித்தார். பச்சைத் துணியில் வெள்ளை எழுத்து, கீழே ஒரு வாள். "இதென்னக்கா எழுதியிருக்குது?" என்றேன். "ஆண்டவன் ஒருத்தன்தான், நபி அவனோட தூதர்னு எழுதியிருக்குது. அல்லாவோட பேருங்க. ரெண்டு பக்கமும் நேராப் படிக்கணும்னுதான் ரெண்டு துணிய முதுகோட முதுகு சேர்த்துத் தெச்சிருக்குது" என்றார். துக்கத்துக்குக்கூட அந்தக் கொடியைப் பாதிக் கம்பத்துக்கு இறக்க மாட்டார்களாம், அந்தப் பேர் தாழக்கூடாது என்று. நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, எழுத்தின்மேல் ஒரு வெள்ளைத் துணி போட்டு அதன்மேல் தேய்த்தேன். அக்கா பார்த்தார். "இதுக்குக் கழட்டலாம்" என்று மட்டும் சொன்னார். அந்தக் கொடியை மட்டும் அவரே மடித்தார்.

ஆயுத பூஜையன்று அறுபது கொடியும் தயார். அக்கா மத்தியானமே எல்லாவற்றையும் சரிபார்த்து, லிஸ்டில் கையெழுத்துப் போட்டு, மேசைமேல் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். மறுநாள் விஜயதசமி, நல்ல நாள் பார்த்துச் சரக்கு வெளியே போகவேண்டும் என்பது முதலாளியின் ஆசை. சாயங்காலம் அவர் வந்து சூடம் காட்டி, எல்லோருக்கும் பொரிகடலை கொடுத்துவிட்டுப் போனார். சந்தனம், குங்குமத் தட்டு என் கையில். வருஷா வருஷம் பொட்டு வைப்பது நான்தான். மிஷினுக்கு வைத்தேன், கத்தரிக்கோலுக்கு, இஸ்திரிப் பெட்டிக்கு, ஸ்விட்ச் போர்டுக்கு, பூட்டுக்கு வைத்தேன். திரும்பினால் மேசைமேல் அறுபது கொடி. கருவிக்கெல்லாம் வைத்துவிட்டு, அவை பெற்ற பிள்ளைகளுக்கு வைக்காமல் போவதா என்று பட்டது.

முதலில் நம் கொடிக்கு. அப்புறம் ஒவ்வொன்றுக்கும், மடிப்பின் மூலையில் சந்தனம் தொட்டு அதன்மேல் குங்குமம். நாடு நாடாக, முணுமுணுப்பாய் வேண்டிக்கொண்டே வைத்தேன். பச்சைக் கொடி வந்தது. மடிப்பின் மேலே வெள்ளை எழுத்து தெரிந்தது. சாமி பேர் எழுதிய கொடி இது ஒன்றுதான் என்று அதற்கு மட்டும் கொஞ்சம் பெரிய பொட்டாக வைத்தேன். அக்கா நாளைக்குப் பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

காலையில் அவருக்கு முன்னாலேயே போய்க் காத்திருந்தேன். உள்ளே வந்ததும், "எல்லாத்துக்கும் பூஜை ஆச்சுக்கா. உங்க சாமி கொடிக்குப் பெருசா வெச்சிருக்கேன்" என்றேன். அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "எங்கள்ள பொட்டு கிடையாதுங்களே மாஸ்டரே" என்றார். "சாமிதானேக்கா?" என்றேன். "சாமிதான்" என்றார். ஜப்பான் கொடியைப் பிரித்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். "மூலைல இன்னொரு சூரியன் உதிச்சிருக்குது பாருங்க." அப்போதுதான் எனக்கு உறைத்தது. அறுபதும் விற்கிற சரக்கு. மத்தியானம் வண்டி வந்துவிடும்.

நான் சோப்பை எடுத்தேன். "சோப்பு வேணாம், குங்குமத்துல இருக்கற மஞ்சள் இன்னும் செவக்கும். எலுமிச்சங்காதான்" என்றார். முந்தின நாள் மிஷின்களுக்கு வைத்த எலுமிச்சம்பழங்கள் அப்படியே இருந்தன. அதை எடுக்கப் போன கையை நிறுத்தி, "பூஜைக்கு வெச்சது. நான் எடுக்கலாங்களா?" என்று என்னிடம் கேட்டார். வெளியே வெயில் இல்லை, ஐப்பசித் தூறல். நான் அலசி அலசிப் பெட்டியால் காயவைத்தேன். சிவப்பிலும் கறுப்பிலும் பட்டது தெரியவில்லை. வெள்ளைதான் மானத்தை வாங்கியது. பச்சைக் கொடியை என்னைத் தொடவிடவில்லை. முகம், கை, கால் கழுவிக்கொண்டு வந்து தானே அலசினார். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் வேலியோரத்து முருங்கை அடியில் கொண்டுபோய் ஊற்றினார். வெள்ளை எழுத்தில் ஒரு மங்கல் நின்றேவிட்டது. மத்தியானத்துக்குள் நாற்பத்தெட்டு தேறியது. பன்னிரண்டு தேறவில்லை.

முதலாளி வந்தார். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். "யாரு மாடித்து இது?" என்றார். யார் செய்தது. என் கையில் இஸ்திரிப் பெட்டி. வாய் திறக்கவில்லை. வீட்டில் பெண்டாட்டிக்கு ஏழு மாசம். அதனால்தானா என்று கேட்டால், இல்லை. பயம், அவ்வளவுதான். அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். "லிஸ்ட்ல கையெழுத்து என்னுதுங்க சார்" என்றார். "பொட்டு நீயா வெச்சே?" என்றார் முதலாளி. "சரக்கு என் பொறுப்புங்க" என்றார். பொய்யும் சொல்லவில்லை, என்னைக் காட்டியும் கொடுக்கவில்லை. "அப்போ நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று முதலாளி சொன்னதும், தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, இன்னும் விடாத தூறலிலேயே நடந்து போனார்.

பத்து நாள் தூங்கவில்லை. மலைக்கோயில் படி ஏறி ஏறி இறங்கினேன். கடைசியில் முதலாளி முன்னால் போய் நின்று, "நான்தாங்க வெச்சேன்" என்றேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கணக்கு நோட்டை மூடாமலே, "தெரியும்யா. முஸ்லிம் பொம்பளை எங்க குங்குமம் வெப்பா? ஆர்டர் குடுத்த பார்ட்டிகிட்ட யாரையாவது வேலையவிட்டு அனுப்பிட்டேன்னு சொல்லணும். உன்னை அனுப்பினா இஸ்திரி யார் போடுவா?" என்றார். "அக்காவைத் திரும்பக் கூப்பிடுங்க" என்றேன். "வேற பொண்ணு வந்தாச்சு, போ, போய் வேலையப் பாரு" என்றார். நான் போய் வேலையைப் பார்த்தேன். ஒன்பது வருஷம் பார்த்தேன். பாகலூர் சைக்கிளில் ஒரு மணி நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் முனைவரை போய், அக்கா வீடு எது என்று கேட்க நா எழாமல் திரும்பி வந்துவிட்டேன்.

தொண்ணூறுகளில் ஒரு நாள் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அக்காவே கூப்பிட்டார். "என்ன மாஸ்டரே, நரைச்சுட்டுது?" ஏதோ கம்பெனி கேன்டீனில் வேலையாம். வீட்டுக்காரரைக் கேட்டேன். "போயிட்டாருங்க, ரெண்டு வருஷம் ஆச்சு. கடைசிவரைக்கும் கட்டில்தான்" என்றார். "நான் அந்தப் பொட்ட வெச்சிருக்கக் கூடாதுக்கா. அதுலருந்து கம்பெனில நான் குங்குமத் தட்டையே தொடறதில்ல" என்றேன்.

"ஏன் விட்டீங்க?" உண்மையாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார். "பொட்டுக்கு நான் ஒரு நாளும் வருத்தப்படலீங்க. தெரியாம வெச்சீங்க, மரியாதையா வெச்சீங்க. எங்க வூட்டுக்காரர்கிட்டகூட அப்பிடித்தான் சொன்னேன், அவரும் சிரிச்சாரு. முதலாளி கேட்டப்ப உங்களப் பார்த்தேன் பாருங்க, நீங்க பெட்டியப் பார்த்தீங்க. அதுதாங்க." பாகலூர் பஸ் வந்தது. பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏறிவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து, வீட்டுக்குப் போங்க என்பதுபோல் கையைக் காட்டினார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

இன்று எனக்கு வயதாகிவிட்டது. ஷெட் இருந்த இடத்தில் மாடி மாடியாய்க் கட்டிவிட்டார்கள். பிள்ளைகள் அவரவர் வேலைக்குப் போய்விடுகிறார்கள். காலையிலும் மாலையிலும் விளக்கேற்றிச் சாமி முன்னால் நிற்கிறேன். சுகம், செல்வம் என்று எதுவும் கேட்பதில்லை. கேட்கிற தெம்பும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் வேண்டிக்கொள்கிறேன்: யாராவது கேட்கும்போது என் வாய் திறக்க வேண்டும். எத்தனையோ வருஷமாக இதே வேண்டுதல். சாமியும் எனக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்துவிட்டதாகத்தான் நினைக்கிறேன். ஆனால் இந்த வயதில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை.