உயிரோடிருக்கும் எலியோதோரோவுக்குப் பூசை

எலியோதோரோ ரோப்லெஸ் குத்துக்கல் மாதிரி உயிரோடு இருக்கிறான். குயின்ஸில் எங்கள் தெருவிலேயே கோழி சுட்டு விற்கிறான், தொப்பை வேறு. ஆனாலும் வருடா வருடம் அவன் ஆன்மா சாந்தியடைய நாங்கள் பூசை வைக்கிறோம்.

மான்ஹாட்டனில் நான் வேலை பார்த்த உணவகம் எரிந்தபோது செத்துப்போனவர்களில் ஒருவன் செகுந்தோ சிலுயிசா. ஈக்வடாரிலிருந்து வந்தவன், வேலை செய்ய அனுமதி கிடையாது. எலியோதோரோ தன் வேலை அனுமதி அட்டையைக் கொடுத்து வேலையில் சேர்த்துவிட்டான். எங்கள் சமையற்கட்டுகளில் பாதிப் பேர் அடுத்தவன் பெயரில்தான் வெங்காயம் அரிகிறோம். ஆகவே முதலாளி கணக்கில் செத்தது எலியோதோரோ. வருடப் பூசையில் பாதிரியாரும் அந்தப் பெயரையே வாசிப்பார்.

நாங்கள் சும்மா விடுவோமா? "செத்தவரே, சீக்கிரம் ஒரு கோழி கட்டுங்க" என்போம்.

"எனக்கென்னப்பா அவசரம், நான்தான் போய்ச் சேந்தாச்சே" என்பான்.

உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று செகுந்தோவின் மனைவி ரொசாவுராவிடம் அவன் பலமுறை கேட்டிருக்கிறான். "உன் அட்டையப் புடுங்கி ஊருக்கு அனுப்பிட்டா உன் புள்ளைங்களுக்கு யாரு சோறு போடுவா? வாய மூடிட்டு இரு" என்று அடக்கிவிடுவாள். செத்த பிறகும் சொந்தப் பெயர் கிடைக்காத பிழைப்பு. தூ!

இந்த வருடம் விசா கிடைத்து செகுந்தோவின் அம்மா வந்துவிட்டாள். மகன் பெயர் கோயிலில் வாசிக்கப்படுவதைக் கேட்கத்தான் வந்தாள்.

சமையற்கட்டில் தலைமைச் சமையற்காரர் எது சொன்னாலும் "கேட்டுச்சு" என்று குரல் கொடுப்போம். பூசையிலும் ஒவ்வொரு பெயருக்கும் அப்படித்தான். கடைசிப் பெயரும் முடிந்தது. கிழவி மருமகளைப் பார்த்தாள்.

"என் மகன் பேரு எங்கடி?"

பின்வரிசையில் எலியோதோரோ எழுந்தான். அவன் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஃபாதர், நீங்க வாசிச்ச எலியோதோரோ நான்தான். எனக்கு ஒண்ணும் ஆகல. செத்தது செகுந்தோ சிலுயிசா. என் அட்டைய நான்தான் அவனுக்குக் குடுத்தேன்."

எவன் கேட்டு எங்கே போய்ச் சொல்வானோ, யார் கண்டது. பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"செகுந்தோ சிலுயிசா."

"கேட்டுச்சு!" கோயிலே அதிர்ந்தது. ரொசாவுரா வாய்விட்டு அழுதாள், சிரிக்கவும் சிரித்தாள்.

கிழவி பாதிரியாரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

"சாமி, எனக்குக் காது மந்தம். இன்னொருக்கா சொல்லுங்க."

அவளுக்குக் காதில் ஒரு குறையும் கிடையாது. பாதிரியார் மறுபடி வாசித்தார்.