ட்வைலா தொட்ட போன்

எங்கள் ஊரான கோல்டர்ஸ் ஃபோர்க்கில் நிலக்கரிச் சுரங்கம் மூடின பிறகு மிஞ்சியது ஒரு ஆஸ்பத்திரி, ஒரு சிறை, ஒரு சமுதாயக் கல்லூரி. ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் தட்டு கழுவி அலுத்துப்போன ட்வைலா ஸ்டில்ட்னர், நாற்பது வயது தாண்டியபின் அந்தக் கல்லூரியில் டிஜிட்டல் தடயவியல் படிக்கச் சேர்ந்தாள். கணினி அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அப்படித்தான் தோழிகளானோம்.

சேரும்போதே ஆலோசகரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டாள். இருபத்திரண்டு வயதில், காதலன் போதைக்கு விற்க அவள் காரில் ஒளித்துவைத்த வலி மாத்திரைகளால் அவள் போலீசில் மாட்டிக்கொண்டாள். வக்கீல் பேச்சைக் கேட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். சிறைக்குப் போகவில்லை, ஆனால் குற்றப் பதிவு அவள் பேரில் நிலைத்துவிட்டது.

"அது பழைய கதைங்க. யாரு தோண்டப்போறா? நீங்க படிங்க" என்றார் ஆலோசகர்.

படித்தாள். அழித்துப்போட்ட ஒரு படத்தை முதன்முதலாக மீட்டெடுத்த நாளில் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அழிச்சாச்சுன்னு நிம்மதியா தூங்குறான் பாரு மனுஷன்! ஒண்ணும் போகல, எல்லாம் உள்ளேயே கெடக்கு!"

பக்கத்து நாற்காலியில் கோல்பி ராட்லிஃப். ஷெரிப் அலுவலகம் என்ற வட்டாரப் போலீஸ் அனுப்பிய இளம் போலீஸ்காரன். வேலை முடிந்து நேராக வந்து, வகுப்பில் தூங்கிவிழுவான். அவள்தான் சோள ரொட்டியும் கொடுத்துப் பாடமும் சொல்லிக்கொடுத்துத் தேர்வில் கரையேற்றினாள்.

பாடம் எடுத்த ஹாஸ்க்யூ ஓய்வுபெற்ற போலீஸ்காரர். "போன்ல என்ன இருக்குங்கிறது அப்புறம். அது யார் யார் கைக்குப் போச்சு, அதை முதல்ல சொல்லு. நடுவுல ஒரு கையை மறைச்சதா தெரிஞ்சா கேஸ் காலி" என்று மேஜையைத் தட்டுவார்.

வகுப்பில் முதலாவதாகத் தேறினாள். ஷெரிப் அலுவலகம், மாநில ஆய்வகம், ஒரு காப்பீட்டுக் கம்பெனி என்று விண்ணப்பித்த இடமெல்லாம் பழைய பதிவைப் பார்த்ததும் கதவைச் சாத்தின. ஆலோசகரிடம் போய் நின்றாள். "நான் உறுதி ஒண்ணும் கொடுக்கலையே" என்றார் அவர்.

பெட்ரோல் பங்க் பக்கத்தில், போன் பழுதுபார்க்கும் கடையில் உடைந்த கண்ணாடி மாற்றும் வேலைதான் கிடைத்தது. கோல்பி ஷெரிப் அலுவலகத்தின் கணினித் துப்பறிவாளன் ஆனான்.

அந்த இலையுதிர்காலத்தில் பிரின்லி என்ற பதினைந்து வயதுப் பெண் காணாமல் போனாள். ஓடைக்கரையில் அவள் போன் கிடைத்தது. கோல்பி அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான்.

"மிஸ் ட்வைலா, எனக்கு வரமாட்டேங்குது. ஒரே ஒரு உதவி பண்ணுங்க."

"உங்க ஆபீசுக்குள்ள நான் வரக்கூடாது. உங்க போன் மட்டும் என் மேஜைக்கு வரலாமா?"

"எனக்காக இல்ல. சின்னப் பொண்ணு. ஆய்வகத்துக்கு அனுப்பினா மாசக்கணக்கா ஆகும்."

அவனை முறைத்தாள். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டாள்.

அழிக்கப்பட்ட செய்திகள் வெளியே வந்தன. பள்ளியின் பேஸ்பால் பயிற்சியாளன் அனுப்பியவை. பக்கத்து மாநிலமான டென்னசியில், ஏரிக்கரையில் இருந்த அவனுடைய மரவீட்டில் பிரின்லியை உயிரோடு கண்டுபிடித்தார்கள். மறுநாள் பத்திரிகையில் கோல்பியின் படம் மட்டும் வந்தது.

"ரிப்போர்ட்ல என்னைப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கலாமே, கண்ணு" என்றாள் அவனிடம்.

"எழுதினா உங்க பழைய கேஸை எடுத்துவெச்சுக்கிட்டு அந்தப் பயிற்சியாளனோட வக்கீல் போன் சாட்சியே செல்லாதுன்னு தூக்கி வெளிய போட்டுடுவான். நீங்க வாயத் தொறந்தா அந்த நாய் வெளிய வந்துடும்." கெஞ்சினான். அழவும் செய்தான்.

விசாரணை அன்று அவளும் நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பயிற்சியாளனின் வக்கீல் எழுந்தார். "இந்த போனை உங்களைத் தவிர வேற யாராவது தொட்டாங்களா?"

"இல்லைங்க" என்றான் கோல்பி, சத்தியம் செய்த கையோடு.

முன்வரிசையில் பிரின்லியின் அம்மாவின் முதுகு தெரிந்தது. ட்வைலா அந்த முதுகையே பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

பயிற்சியாளன் குற்றவாளி என்று தீர்ப்பானது. நடைவழியில் அந்த அம்மா கோல்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். எங்களைப் பார்த்து, "வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க" என்றாள், வந்த எல்லோரிடமும் சொன்னதைப்போல. ஹாஸ்க்யூவும் வந்திருந்தார். கோல்பியின் கையைக் குலுக்கியவர் ட்வைலாவைப் பார்த்தார். அழித்ததை மீட்கும் அந்த வேலை கோல்பிக்குக் கைவராது என்று அவருக்குத் தெரியாமலிருக்காது. பார்வையைத் தாழ்த்திக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

காரில் ஏறியதும், "அவன் உள்ள போயிட்டான், அது போதும்னு சொல்லணும். வாயில வரமாட்டேங்குதுடி" என்றாள்.

வசந்தத்தில் கோல்பி மறுபடியும் கடை வாசலில் வந்து நின்றான், கையில் வேறொரு போன். பட்டப்பகலில் அவன் முகத்துக்கு நேராகக் கதவைப் பூட்டினாள். இந்தத் தடவை காணாமல் போனது யாருடைய பிள்ளை என்றுகூடக் கேட்கவில்லை. அதற்கப்புறம் பல நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.