கார்க் கதவில் தெரிந்த ஆள்

அந்தக் கோடையில் ரெட்டியார்பாளையத்து வீட்டில் லினெட் ஒருத்திதான் இருந்தாள். அப்பா மிக்கேல் தோகாவில் சமையல் வேலையில் இருந்தார். அம்மா ரோசா, மூத்த மகள் மெரினின் பிரசவத்துக்காகப் பாரீசுக்குப் போயிருந்தாள். லினெட்டுக்கு டேட்டா சயின்ஸ் படிப்பில் கடைசி வருடம். கூடப் படித்தவர்கள் எல்லாரும் இன்டர்ன்ஷிப் என்று பெங்களூருக்கும் சென்னைக்கும் கிளம்பிவிட்டார்கள்.

லினெட்டுக்குச் சென்னைப் பக்கத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் இடம் கிடைத்திருந்தது. பெட்டியெல்லாம் கட்டிவிட்டாள். கிளம்ப வேண்டிய வாரத்தில்தான் தகவல் வந்தது: டேட்டா வேலைக்கு வருகிற மாணவர்கள் வீட்டிலிருந்தே செய்யலாம். அடுக்கிய துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள்.

பெயின்ட் அடித்து வருகிற ஒவ்வொரு காரையும், அது நுழைந்து போகிற வாசல்போன்ற ஒரு வளைவில் பொருத்திய கேமராக்கள் படம் பிடிக்கும். தூசி, கீறல் எதுவும் இருந்தால் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அதுவோ நல்ல கார்களையும் பழுது என்று நிறுத்திக்கொண்டிருந்தது. ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் லினெட்டின் வேலை. அவளுக்கு மேலாளர் சக்கரபாணி. வாரத்துக்கு ஒருமுறை போனில் பேசுவார்; அவர் குரலுக்குப் பின்னால் எப்போதும் ஏதோ ஒரு ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்.

படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள். கருநீலக் கார்களின் கதவில்தான் அந்த ஆளை முதலில் கவனித்தாள். தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடுப்பு, கண் மட்டும் தெரியும். வளைவுக்குப் பக்கத்தில் நிற்கும் யாரோ ஒருவரின் பிம்பம், பளபளக்கும் கதவில் கொஞ்சம் நெளிந்து விழுந்திருந்தது. ஒரு படத்தில் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தார். இன்னொன்றில் இடுப்பில் கை வைத்து நின்றார். மதியப் படங்களில் பிடரியைத் தேய்த்துக்கொண்டார்.

நாளாக நாளாக, வேலைக்குத் தேவை இருக்கிறதோ இல்லையோ, அந்த ஆளைத் தேடியே படங்களைத் திறந்தாள். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு அந்தப் படங்களுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒருநாள் படத்தைப் பார்த்து, "கொஞ்சம் உக்காருங்களேன், எவ்ளோ நேரம் நிப்பீங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். காலையிலிருந்து அந்த வீட்டில் எழுந்த முதல் பேச்சுக் குரல் அதுதான். அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

அம்மா பாரீசிலிருந்து கூப்பிடுவாள். "சாப்ட்டியா லினெட்டு? இரு, பாப்பா அழுவுது, அப்புறம் கூப்புடுறேன்." அந்த அப்புறம் பெரும்பாலும் மறுநாள்தான் வரும்.

காரணம் பிடிபட அதிக நாள் ஆகவில்லை. அந்த வெள்ளைப் பிம்பத்தைத்தான் கம்ப்யூட்டர் பழுது என்று எடுத்துக்கொண்டிருந்தது. சக்கரபாணிக்கு ஒரே சந்தோஷம். "பிரமாதம்மா! இத்தன நாளா யாருக்கும் தோணல பாருங்க." அந்த வாரமே வளைவின் இரண்டு பக்கமும் கறுப்புத் தடுப்பு வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த படங்களில் கதவு மட்டும்தான் இருந்தது. கருநீலம், சிவப்பு, மறுபடி கருநீலம். தேடிப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினாள். தன் வேலை பலித்ததற்கு ஒருத்தி இப்படியா உட்கார்ந்திருப்பாள் என்று தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

கண்டுபிடித்ததை நேரில் வந்து விளக்கச் சொன்னார்கள். அதிகாலை பஸ் பிடித்துப் போனாள். பேசி முடித்து, கைதட்டலும் வாங்கிய பிறகு, "சார், அந்த எடத்த ஒரு தரம் பாக்கலாமா?" என்று கேட்டாள்.

அவளுக்கும் வெள்ளை உடுப்பு மாட்டி அழைத்துப் போனார்கள். தடுப்புக்குப் பின்னால் நின்றிருந்த பெண் தீபலட்சுமி. மதுராந்தகம் பக்கத்திலிருந்து வேலைக்கு வருகிறவள். லினெட் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, நீங்கதான் எப்பவும் இங்க நிப்பீங்களா?"

"எப்பவுமா? அஞ்சு பேரு மாத்தி மாத்தி நிப்போம். ஏங்க மேடம்?"

லினெட் மனதுக்குள் படங்களை ஓட்டிப் பார்த்தாள். துடைத்தது ஒருத்தி, இடுப்பில் கை வைத்தது வேறொருத்தி, பிடரியைத் தேய்த்தது இன்னும் யாரோ. இத்தனை நாளும் அவள் சோறு தின்றது யாரோடு?

"ஒண்ணுமில்லக்கா. படத்துல பாத்தேன்."

"அந்தப் படம் பாக்குற மேடமா நீங்க? ஒண்ணு கேக்கட்டா? இந்தத் தட்டிய எடுக்க முடியாதா? முன்ன அந்தாண்ட நிக்கிறவங்க கண்ணாச்சும் தெரியும். வாய் பேச முடியாட்டியும் சாடையில ஏதாச்சும் சொல்லி சிரிச்சிப்போம். இப்ப நாள் பூரா செவுத்தப் பாத்துட்டு நிக்கிறாப்ல இருக்கு."

லினெட்டுக்கு முகம் சுட்டது. அந்தத் தடுப்பு வந்ததே தன்னால்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "நான் பாக்குறேங்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

ஊருக்குத் திரும்பியதும் பழைய படங்களை எல்லாம் மறுபடி எடுத்தாள். ஒவ்வொரு வெள்ளை உருவத்தைச் சுற்றியும் கோடு போட்டு, 'இது பழுதில்லை, ஆள்' என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தாள். யாரும் கேட்காத வேலை. சக்கரபாணி முதலில் பிடிகொடுக்கவில்லை. "லைன் நல்லா ஓடுதும்மா. எதுக்கு இப்ப அதத் தொடணும்?"

"உள்ள நிக்கிறவங்களுக்குக் கஷ்டமா இருக்கு சார். ஒரு ஷிப்ட் மட்டும் தடுப்ப எடுத்துட்டுப் பாருங்க."

இன்டர்ன்ஷிப் முடிந்தது. சான்றிதழ் மெயிலில் வந்தது. அன்றைக்கே அந்தப் படங்களைப் பார்க்கும் அனுமதியையும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் செருப்பு மாட்டும்போது சக்கரபாணியின் செய்தி வந்தது: 'தடுப்பு எடுத்துட்டோம். நீங்க கத்துக்குடுத்த மாடல் சரியா வேலை செய்யுது. நன்றி.'

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டாள், மணி அடித்து ஓய்ந்தது. தீபலட்சுமியின் நம்பரைக் கேட்டு வாங்கத் தோன்றவே இல்லையே என்று அப்போதுதான் நினைத்தாள். வழிபாடு முடிந்த கூட்டம் குடும்பம் குடும்பமாகப் பைக்குகளில் ஏறிக் கிளம்பிக்கொண்டிருந்தது. லினெட் அந்தச் செய்தியை இன்னொரு முறை படித்துவிட்டு, வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.