ஊரைச் சுற்றிய ஆயின்மென்ட்

வெயிலில் இரண்டு நாள் கிடந்த இறால் ஓட்டின் நாற்றத்தோடு ஆஸ்பத்திரித் தரை துடைத்த துணியின் வாடையையும் கலந்தால் என்ன வருமோ, அதுதான் எனக்குப் பன்னிரண்டு வயதின் வாசனை. எங்கள் வீட்டுக் கூரைச் சொருகலில் இருந்த ஒரு களிம்பு ட்யூப்பிலிருந்து அது வந்தது. அந்தக் களிம்புக்கென்று தனி வாடை ஒன்றும் கிடையாது, அதைத் தொட்ட கைகளின் வாடைதான் அது என்பது இப்போது தெரிகிறது. தெரிந்து என்ன, இன்றைக்கும் யாராவது என் எதிரில் ஒரு ட்யூப்பைத் திறந்து பிதுக்கினால் அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வருகிறது.

எங்களுடையது பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவு தாண்டி இருக்கும் ஒரு குப்பம். பாதி நாள் இடுப்பளவு உப்புத் தண்ணீரில் நிற்பதும், ஈரத் துணி உடம்பிலேயே காய்வதும்தான் பிழைப்பு என்பதால் வீட்டுக்கு வீடு ஏதோ ஒரு அரிப்பு இருந்தது. 'படை', 'சொறி', 'கரப்பான்', 'சேத்துப்புண்' என்று பெயர்தான் வேறு வேறு. பேசிக்கொண்டே சொறிவார்கள், சொறிந்த கையாலேயே இறால் பிரிப்பார்கள், அதே கையைப் புடவையில் துடைத்துவிட்டுச் சோறு போடுவார்கள். சீ! எழுதும்போதே உடம்பு கூசுகிறது. நான் அந்த ஊரிலேயே பிறந்து, அந்த ஊர்ச் சோற்றையே தின்று, எப்படி இவ்வளவு அருவருப்புப் பிடித்தவளாக வளர்ந்தேனோ தெரியவில்லை. "இவ பெரிய கலெக்டர் ஊட்டுப் பொண்ணு" என்று அம்மா திட்டிக்கொண்டே இருப்பாள்.

அந்த மழைக்காலத்தில் நைனாவுக்கு இடுப்பைச் சுற்றி, ஈரக் கயிறு உரசும் இடத்தில், கரப்பான் வந்து தொடை வரை நீர் வடியத் தொடங்கியது. எஞ்சின் படகுச் சத்தத்தில் அவருக்குக் காது மந்தமாகியிருந்தது, எழுத்தும் தெரியாது, அதனால் டாக்டர் சொல்வதைக் கேட்டு எழுதி வர ஏழாம் வகுப்பு படித்த என்னைக் கூட அனுப்பினார்கள். பெற்ற மகளை எதிரில் வைத்துக்கொண்டு அவர் லுங்கியை ஒதுக்கிக் காட்டினார். நான் சுவரைப் பார்த்தபடி, எச்சிலை விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் நல்ல மனிதர், நிதானமாகச் சொன்னார். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் கோடு வரை களிம்பைப் பிதுக்கினால் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும், காலையும் இரவும் மெல்லிசாகத் தடவ வேண்டும், இரண்டு வாரத்தில் நிறுத்திவிட்டு வந்து காட்ட வேண்டும் என்றார். அதுவரை சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அப்புறம்தான் ஒரே மூச்சில் அதைச் சொன்னார்.

"தொடை இடுக்குல, அக்குள்ல, முகத்துல இத்த போடக் கூடாது, அங்கல்லாம் தோலு மெல்லிசு. படைக்கும் போடக் கூடாது, அரிப்பு அடங்கும், ஆனா படை பரவும். வேற யாருக்கும் குடுக்காதீங்க. எழுதிக்கினியாம்மா?"

தொடை இடுக்கு என்ற சொல்லை என் கையால், என் பேனாவால், எழுதுவதா? ஐயே. அந்தச் சொல்லை எழுதக் கூசி அந்த வாக்கியத்தையும் அதற்குப் பின்னால் வந்ததையும் விட்டேன். அதே வாக்கியத்தில்தான் முகமும் இருந்தது. எழுதிவிட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

வீட்டில் அம்மா படிக்கச் சொன்னபோது சீட்டில் இருந்ததை மட்டும் படித்தேன். நைனா அதன்படியே தடவினார், இரண்டு வாரத்தில் கரப்பான் ஆறியது, நிறுத்தியும் விட்டார். 'விருந்தும் மருந்தும் மூணு நாளைக்கு' என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. எல்லாம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ட்யூப்பில் பாதி மிச்சம் இருந்தது.

எங்கள் ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இறால் விழும் நல்ல இடங்களை ஒருவரே பிடித்துக்கொள்ளக் கூடாது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இவர், நாளைக்கு அவர் என்று வலை போடும் இடத்தைப் பிரித்துக்கொள்வார்கள். நியாயமான முறை, அதனால்தான் எங்கள் ஊரில் அடிதடி குறைவு. எதிர்வீட்டு அஞ்சலை சின்னம்மா, "மாமனுக்கு ஆறிப்போச்சே, எனக்கும் ரவ குடேன்" என்று கேட்டு, அவள் கால் படையின் அரிப்பு இரண்டே நாளில் அடங்கியதும், அந்த நியாயம் ட்யூப்புக்கும் வந்துவிட்டது. திங்கள் எங்களுக்கு, செவ்வாய் சின்னம்மாவுக்கு, புதன் அதற்கடுத்த வீட்டுக்கு என்று ஆயின்மென்ட்டுக்குப் பாடு வைத்தார்கள். ஒரு சுற்று முடிந்து அது எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது அதன் வாயில் யாருடைய மயிரோ ஒன்றும் மீன் செதில் ஒன்றும் ஒட்டியிருக்கும். அம்மா அதைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டுத் தடவிக்கொள்வாள். தீர்ந்ததும் நசுங்கிய ட்யூப்பையே கொண்டுபோய் மருந்துக் கடையில் காட்டினாள். கடைக்காரர் சீட்டு எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதைவிட 'பவரு' என்று வேறொன்றை எடுத்துக் கொடுத்தார்.

என் அக்கா வசந்தா அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. எங்கள் குப்பத்தில் அவ்வளவு தூரம் படித்த முதல் பெண் அவள்தான், நர்ஸ் படிப்புக்குப் போகப் போகிறாள் என்று நைனா படகுக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுடைய இடது கன்னத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவில் வட்டப் படை வந்தது. எங்கள் பாடு வந்த திங்கள்கிழமை அவளும் கன்னத்தில் தடவிக்கொண்டாள். நான் பார்த்தேன். முகம் என்று டாக்டர் சொன்னது அப்போது காதில் திரும்பக் கேட்டது. சொன்னால் ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள், ஏன் என்று சொல்ல அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டேன்.

நான்கே சுற்றில் படை மங்கி, முகம் வெளுத்துப் பளபளத்தது. "வசந்தா, ஷோக்கா கீறடி" என்றார்கள். அவள் தன் சிறுவாட்டுக் காசில் தனக்கென்று ஒரு ட்யூப் வாங்கி, முகம் முழுக்க இரண்டு வேளையும் தடவ ஆரம்பித்தாள். இரண்டு மாதம் போனது. ஒருநாள் தடவாவிட்டால் முகம் தீயாக எரிந்தது. கன்னத்தில் சிவப்புச் சிவப்பாக நரம்பு ஓடியது, சீழ்ப் பருக்கள் கிளம்பின, மீசை மாதிரி பூனைமயிர் முளைத்தது, பழைய படை வட்டத்துக்குள் வட்டமாகக் காது வரை விரிந்தது. வெயிலில் நிற்க முடியவில்லை, அடுப்பை ஊத முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்திலிருந்தவள் பெஞ்சு மாறி உட்கார்ந்துவிட்டாள். அக்கா தாவணியால் முகத்தைப் போர்த்திக்கொண்டு வீடு வந்தவள், பரீட்சைக்கும் போகவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே பாயில் படுத்து, ஒரே துண்டில் துடைத்து வளர்ந்தவர்கள். எனக்குத் தனித் துண்டு வேண்டும் என்று கத்தி அழுது வாங்கிக்கொண்டேன். பாயையும் சுவரோரமாக இழுத்துப் போட்டேன். அவள் பேசினால் அவள் காதுக்குப் பின்னால் இருக்கும் கம்பத்தைப் பார்த்துப் பதில் சொன்னேன்.

பிறகு அவளை அதே டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். வயிற்றுவலி என்று நான் வீட்டிலேயே சுருண்டு படுத்துக்கொண்டேன். அந்தக் களிம்பைத் தன் கண்காணிப்பில் நிறுத்த வேண்டும் என்றும், படைக்குத் தனி மாத்திரை, தனி மருந்து என்றும், வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் வைத்தியம் செய்துகொண்டு துணிகளை வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்த வேண்டும் என்றும் அவர் சொல்லி அனுப்பினார். முகத்தில் போடக்கூடாது என்று முதலிலேயே சொன்னேனே என்று கோபித்தாராம். "அன்னிக்கு வாயத் தொறக்காத மன்சன், இன்னிக்கு கதை வுடறாரு" என்று அம்மா சாகும்வரை அவரைத் திட்டினாள். நான் அதற்கும் பேசாமல் இருந்தேன். அக்காவின் எரிச்சல் அடங்க ஏழெட்டு மாதம் ஆயிற்று, சிவப்பு நரம்புகள் போகவே இல்லை. நர்ஸ் படிப்பைப் பற்றி வீட்டில் யாரும் அதற்குப் பின் பேசவில்லை.

போன மே மாதம், தொடையில் கரப்பான் வந்த என் மகளோடு ஊருக்குப் போயிருந்தேன். அக்கா வாசலில் உட்கார்ந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு எழுதிக் கொடுத்த சீட்டை நான் உரக்கப் படித்தேன்: விரல் நுனி அளவு, இரண்டு வேளை, தொடை இடுக்கில் ஐந்து நாள்தான். "சீ, அந்த வார்த்தைய சத்தமா சொல்லாதம்மா" என்று மகள் காதைப் பொத்தினாள். நான் அவள் கையை விலக்கி, இன்னும் சத்தமாக, முகத்தில் போடக்கூடாது, யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று முடித்தேன்.

அக்காவின் கை நின்றது. "அன்னிக்கும் இத்த சொன்னாராடி, அந்த டாக்டரு?"

"சொன்னாருக்கா. இதே வார்த்தைதான். எழுதக் கூசிக்கினு உட்டுட்டேன்."

அவள் கையிலிருந்த நண்டைக் கூடையில் போட்டாள். பிறகு, "இத்தினி வருசமா நீ ஏன் எம்மூஞ்ச பாக்கறதில்லனு நெனச்சிக்கினே இருப்பேன். அருவருப்புனுதான் நெனச்சேன்" என்றாள்.

ஆயின்மென்ட்டுக்குப் பாடு வைக்கும் வழக்கம் எங்கள் ஊரில் இப்போது இல்லை, வீட்டுக்கு வீடு தனி ட்யூப் வந்துவிட்டது, அதையும் சீட்டில்லாமல்தான் வாங்குகிறார்கள். அம்மா போய்விட்டாள், அந்த டாக்டரும் ஊரைவிட்டு எப்போதோ போய்விட்டார், சொல்லி மன்னிப்புக் கேட்க ஆளில்லை. இருக்கிறவள் அக்கா ஒருத்திதான். நான் அவள் எதிரில் உட்கார்ந்து அந்த இடது கன்னத்தை நேராகப் பார்த்தேன். இருபது வருடமாக நான் மனதில் வைத்துக் குமட்டிக்கொண்டிருந்த முகம் அது இல்லை. நாலைந்து சிவப்புக் கோடு, அவ்வளவுதான்.