வயிறு என்னுடையது, கையெழுத்து அவருடையது

மூன்று மாதமாக இந்த வலைப்பக்கத்தில் ஆளைக் காணோமே என்று விசாரித்தவர்களுக்கு நன்றி. குழந்தை பிறந்திருக்கிறது. ஆண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

தாய் பயங்கரக் கோபத்திலும் இருக்கிறாள். அதை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

இது எனக்கு இரண்டாவது. மூத்தவள் யாழினிக்கு ஐந்து வயது. அவளையும் சிசேரியன் செய்துதான் எடுத்தார்கள் என்பதால் இதுவும் சிசேரியன் என்று முன்பே முடிவாகிவிட்டது. எங்கள் ஊர் நல்லேப்பிள்ளியில் இருந்து கிளம்பி, பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். காலை பத்து மணிக்கு ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. நெஞ்சுக்கு நேராக ஒரு பச்சைத் துணியைக் கட்டினார்கள். அதற்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆனால் காது நன்றாகக் கேட்கும்.

வலி இல்லை. யாரோ அலமாரியில் சாமான் தேடுகிற மாதிரி ஒரு இழுப்பு, ஒரு தள்ளல். அப்புறம் அழுகை.

"ஆண்குட்டியாணு" என்றார் டாக்டரம்மா. அடுத்த மூச்சிலேயே, "அப்போ நிறுத்தாமல்லோ, அல்லே?"

நம் பாலக்காட்டுப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: அப்படியானால் நிறுத்திவிடலாம் அல்லவா என்று கேட்கிறார். மலையாளத்தில் 'பிரசவம் நிறுத்தல்' என்றால் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். எனக்குப் பிறந்தது பையன் என்கிற செய்தியும், என் கருக்குழாயை வெட்டிக் கட்டப்போகிறார்கள் என்கிற செய்தியும் ஒரே நேரத்தில் எனக்கு வந்து சேர்ந்தன. சொல்லப்போனால் எனக்குச் சொல்லவே இல்லை. டாக்டர் நர்ஸிடம் கேட்டதை நான் ஒட்டுக் கேட்டேன்... என் வயிற்றைப் பற்றி!

"எதை நிறுத்தறீங்க?" என்றேன்.

துணிக்கு மேலே இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. பேஷண்ட் பேசுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

நர்ஸ் என் தலைமாட்டுக்கு வந்து, சமாதானம் சொல்கிற குரலில் சொன்னார். "ஹஸ்பண்ட் ஒப்பிட்டிட்டுண்டு சேச்சி. ஆண்குட்டியாணெங்கில் நிறுத்தாம்னு பறஞ்ஞு."

கணவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பையனாக இருந்தால் நிறுத்திவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் பெண்ணாக இருந்தால்? இன்னொரு முறை முயற்சி செய்து பார்க்கலாம் என்றுதானே?

"நிறுத்த வேண்டாம்" என்றேன். தமிழில் சொன்னேன், மலையாளத்தில் சொன்னேன், இங்கிலீஷிலும் சொன்னேன். "இது என் வயிறு. நான் ஒப்பு வைக்கலை. தொட்டீங்கன்னா சும்மா விடமாட்டேன்." மரத்துப்போன உடம்போடு, இரண்டு கையையும் பலகையில் நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறவள் என்ன செய்துவிட முடியும்? ஆனாலும் கத்தினேன். ஸ்கூலில் கணக்கு எடுக்கிற டீச்சர் குரல் எனக்கு. அந்த ரூம் முழுக்கக் கேட்டிருக்கும்.

டாக்டரம்மா, "வேண்டெங்கில் வேண்டா. க்ளோஸ் செய்யாம்" என்றார். வேண்டாமென்றால் வேண்டாம், தைத்து மூடிவிடலாமாம்; ஏதோ சாப்பாட்டில் ரசம் வேண்டாம் என்று நான் சொன்ன மாதிரி.

இதில் எனக்கு ஆறவே ஆறாத ஒன்று இருக்கிறது. யாழினியின் முதல் அழுகை இன்னமும் என் காதில் இருக்கிறது. அதை அப்படியே திரும்ப அழுது காட்டக்கூட என்னால் முடியும். இவனுடைய அழுகை ஞாபகமே இல்லை. காதில் விழுந்ததோடு சரி, அவன் அழுது முடிக்கும்வரை நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கன்னத்தோடு கன்னம் வைத்துக் காட்டினார்களாம். அவன் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை யார் எனக்குத் திருப்பித் தருவார்கள்?

ரூமுக்கு மாற்றியதும் வீட்டுக்காரர் செந்தில் சிரித்த முகத்தோடு வந்து நின்றார். நல்ல மனுஷன்தான். வயல் உண்டு, டிராக்டர் உண்டு, குரல் உயர்த்தத் தெரியாது. அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

"ஏனுங்க, என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"ரெண்டு போதும்னு நீயுந்தான சொல்லிட்டிருந்தே?"

"போதும்னு சொன்னேன். வயித்துல கை வைக்கச் சொன்னனா?"

"அவிய நாலஞ்சு காயிதத்தை நீட்டுனாங்க. எல்லாம் மலையாளம். அந்த நர்ஸம்மா கேட்டாங்க, அம்மாவும் பக்கத்துல இருந்தாங்க... எல்லாரூட்லயும் இப்படித்தான பண்றாங்க?"

"பொண்ணாப் பொறந்திருந்தா?"

அவர் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். உரித்த சுளையிலும் நாரை எடுத்துக்கொண்டே இருந்தார். பக்கத்து நாற்காலியில் யாழினி காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் புரியாது. எனக்குப் புரிந்தது. இவளைப் போல இன்னொருத்தி வந்திருந்தால் என் வயிறு இன்னொரு முறை கத்திக்குப் போகலாம். பையன் வந்ததால் போக வேண்டாம். முடிவு இப்படி எடுக்கப்பட்டிருக்கிறது. நான் பெரிதாக மதிக்கிற இரண்டு பேரால், வீட்டுக்காரராலும் மாமியாராலும்.

வீட்டுக்கு வந்தோம். பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும், முதல் பத்து நாள் மனுஷ வாழ்க்கையே இல்லை. இருமினால் தையல் பிடுங்கும். சிரித்தாலும் பிடுங்கும் — சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை, அது வேறு. குழந்தை மூன்று நாள் சரியாக மார்பைப் பிடிக்கவே இல்லை. யாழினி ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்று என் நைட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனைக்கும் நடுவில் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி. "ஆணொண்ணு பொண்ணொண்ணு ஆயிருச்சு. கட்டீட்டயா அம்முணி?"

காபி டம்ளரைக் கையில் வாங்குவதற்கு முன்பே கேட்டார்கள்!

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ. மாமியார் எனக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததில் இருந்து எங்கள் இருவருக்கும் தேவைக்கு மேல் பேச்சில்லை. முதுகைத் தேய்த்துக்கொண்டே திடீரென்று சொன்னார்.

"உனக்குக் கூவறதுக்காச்சும் தெகிரியம் இருந்துச்சு."

நான் திரும்பவில்லை. அவரே தொடர்ந்தார்.

"செந்திலு பொறந்தப்ப எனக்கும் கீறித்தான் எடுத்தாங்க. எனக்கு இன்னொண்ணு வேணும்னு ஆசை. கரு நிக்கவே இல்லை. அஞ்சு வருசம். வேண்டாத சாமி இல்லை. ஒருநாள் உங்க மாமன் சோறு உண்டுட்டே சொல்றாரு, அன்னைக்கே முடிச்சாச்சு, எதுக்கு வெட்டியா வெரதம் இருக்கறேன்னு."

ஐந்து வருஷம். சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார் அந்த மனுஷன். மாமனார் இறந்து நாளாகிவிட்டது. இருந்திருந்தால் அன்றைக்கு ஈரத்துணியோடு போய்க் கேட்டிருப்பேன்.

"அப்புறம் ஏனுங்கத்த... எனக்கும் அதையே பண்ணப் பாத்தீங்க?"

சொம்பை அண்டாவுக்குள் விட்டு மொண்டார். "அப்படித்தான் பண்ணுவாங்கன்னு நெனச்சுட்டேன் கண்ணு" என்றார். அடுத்த சொம்பு என் தலையில் விழுந்தது. நான் அழுததை அந்தத் தண்ணீர் மறைத்துவிட்டது. அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை செந்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இதை அவரிடம் சொன்னேன். அவருக்குத் தெரியாது. அம்மா ஏன் அத்தனை விரதம் இருந்தார் என்று அவர் ஒருநாளும் யோசித்ததும் இல்லை. பாதி இட்லியோடு கையைக் கழுவினார்.

நான் விடவில்லை. "எனக்கும் ரெண்டு போதும். அதுல மாத்தமே இல்லை. ஆனா என்னைய ரெண்டு தடவை கீறியாச்சு. இந்தத் தடவை நீங்க போங்க. உங்களுக்கு அந்த ஆபரேஷன் பத்து நிமிஷ வேலை."

அவ்வளவுதான். வீடு இரண்டுபட்டது. நேற்று என் முதுகைத் தேய்த்துக்கொண்டே மனசைக் கொட்டிய அதே அத்தை, "பாரந் தூக்கறவன், டிராட்டர் ஓட்டறவன், அவன் ஒடம்பு என்னாகறது?" என்று பதறினார். நான் மட்டும் என்ன செய்துகொண்டிருந்தேனாம்? ஒரு கையில் குழந்தை, மறு கையைப் பிடித்துத் தொங்குகிற ஐந்து வயதுப் பெண், நடுவில் ஆறாத தையல்! இதெல்லாம் பாரம் இல்லையா?

செந்தில் சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வாரங்கள் போயின. குழந்தையை எடை பார்க்க வீட்டுக்கு வந்த ஆஷா சுகாதாரப் பணியாளர் வழக்கம்போல என்னைப் பார்த்து, "சேச்சி இனி எந்தா செய்யுந்நது?" என்று கேட்டு, கருத்தடைக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்று எழுதிக்கொள்ள நோட்டைத் திறந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த செந்தில், "எம் பேரை எழுதிக்கோங்க" என்றார். அத்தை உள்ளே பாத்திரத்தை டமாரென்று வைத்தார்.

போன வாரம் போய் வந்தார். காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தார். இரண்டு நாள் கட்டிலில் படுக்கை. நாட்டுக்கோழிச் சாறு. "பாவம் செந்திலு" என்று தெருவே வந்து பார்த்தது. என்னிடம் கட்டீட்டயா என்று கேட்ட அதே வாய்கள்! அவரைத் தியாகி என்று சொன்ன சித்தப்பா ஒருவரோடு நான் இப்போது பேசுவதில்லை.

ஆனால் கோபத்தின் உச்சி அன்றைக்கு ஆஸ்பத்திரியில்தான். கவுன்சிலிங் அறையில் அந்தப் பெண் என்னைப் பார்த்து, "சேச்சி ஒந்நு புறத்து நில்க்காமோ?" என்று மரியாதையாக வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். வெளியே வந்த செந்திலிடம் உள்ளே என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"நல்லா யோசிச்சீங்களான்னு கேட்டாங்க. ஊட்ல யாராவது கட்டாயப்படுத்தறாங்களான்னு கேட்டாங்க. பயமா இருந்தா இன்னைக்கு வேண்டாம், இன்னொருநாள் வாங்கன்னாங்க. எல்லாத்தையும் படிச்சுக் காட்டி, மறுபடி முதல்ல இருந்து கேட்டாங்க."

என் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மொத்தம் ஐந்து நிமிஷம்... ஒரு ஆளிடம் சம்மதம் கேட்க அவ்வளவுதான் ஆகிறது.